பக்கெட் வைக்காத நாள்

டீயில் சர்க்கரை கம்மி என்று உங்கள் கான்ஸ்டபிள் தம்பி ரொம்பச் சங்கடப்பட்டார். எனக்கு அப்படித்தான் பிடிக்கும், மேடம். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். அவசரமில்லை, நிதானமாக எழுது என்றும் சொன்னீர்கள். நான் எதையுமே நிதானமாகத்தான் செய்வேன், என் தொழில் அப்படி. பெயர் கங்காதரன். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், மாதனூர் தாண்டி சர்வீஸ் ரோட்டில் லாரிகளுக்குச் சைடு கண்ணாடி விற்று மாட்டித் தருகிற கடை என்னுடையது. ஆயுத பூஜை அன்று, தன் புருஷன் எடுத்த லாரியின் இடது முன்சக்கரத்தில் அகப்பட்டுச் செத்துப்போன ஜோதியின் விஷயமாகத்தான் வந்திருக்கிறேன். அவள் புருஷன் பாண்டியனை உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனை அனுப்பிவிடலாம். அந்த லாரிக்குக் கண்ணாடி மாட்டியவன் நான்.

இதைச் சொன்னபோது ஏட்டையா சிரித்தார். "கண்ணாடி மாட்னதுக்கெல்லாம் ஜெயிலுன்னா ஊர்ல ஒருத்தன் வெளிய இருக்க மாட்டான்யா" என்றார். அவர் மேல் தப்பில்லை. கண்ணாடிதானே என்று நினைப்பவர்கள்தான் ஜாஸ்தி. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லாரிக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் உடைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இதே மாதிரி ஒண்ணு குடுங்கணா" என்பார்கள். நான் அதைக் கையில் வாங்கவே மாட்டேன். வண்டியைக் காட்டு என்பேன். கேபினைவிடப் பின்பக்கத்துப் பாடி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாடி அகலமாக இருந்து, கண்ணாடியைத் தாங்குகிற கம்பி குட்டையாக இருந்தால், டிரைவருக்குத் தன் வண்டியின் பலகைதான் தெரியும். தோல் பதனிடுகிற டேனரிகளுக்கு உப்புத்தோல் ஏற்றுகிற வண்டி என்றால் இன்னும் நீளக் கம்பி வேண்டும், லோடு தார்ப்பாய்க்குள் பிதுங்கிக்கொண்டு நிற்கும். கம்பியைப் பிடிக்கிற கிளாம்பு மெல்லிசுத் தகரமாக இருந்தால், வாணியம்பாடி போய்ச் சேருவதற்குள் கண்ணாடி ஆடி ஆடித் தலை குனிந்துவிடும். மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அது நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்று டிரைவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள்.

கண்ணாடியில் இரண்டு வகை. தட்டையானது ஒன்று, வெளியே புடைத்தது ஒன்று. தட்டைக் கண்ணாடி உள்ளதை உள்ள அளவில் காட்டும், ஆனால் கொஞ்ச இடத்தைத்தான் காட்டும். புடைத்தது எல்லாவற்றையும் சிறுசாக்கும், பக்கத்தில் இருப்பதைத் தள்ளிக் காட்டும், ஆனால் இடம் நிறையத் தெரியும். நம் ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறான். இடது முன்சக்கரத்தை ஒட்டி ஓர் ஆள் இருந்தால், அவன் சீட்டில் எம்பி உட்கார்ந்தாலும் தெரியாது. அதற்காகவே இடது கதவுக்கு மேலே, குனிந்து தரையைப் பார்க்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி மாட்டுவோம். அது கட்டாயம் புடைத்ததாக இருக்க வேண்டும். அதில் தட்டையைப் போட்டால் கதவும் கொஞ்சம் ரோடும் தெரியும், சக்கரத்தடி தெரியாது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்தத் தொழிலில் இதைத் தவிர சூட்சுமம் ஒன்றும் இல்லை.

என் கடைக்கு ஆள் அனுப்பினீர்கள் என்றால் கதவோரம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட் இருக்கும். கண்ணாடி மாட்டி முடித்ததும் அதை இடது முன்சக்கரத்துக்கு முன்னால் கவிழ்த்து வைப்பேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியைப் பார்த்து, "பக்கெட் தெரியுது" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் வண்டி என் கடை வாசலை விட்டு நகரும். எனக்குப் பக்கெட் கங்காதரன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னா ணா, அப்டியே ரெண்டு பக்கெட் தண்ணி புடிச்சிக் குடுத்துட்டுப் போவா?" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். ஆந்திராவிலிருந்து வருகிற வண்டிகள்கூட அந்தப் பக்கெட்டுக்காகத்தான் என் கடையில் நிற்கின்றன.

இந்தப் பழக்கம் வந்த பிறகு, ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் நான் பக்கெட் வைக்கவில்லை.

பழக்கம் வந்தது என் பெண் பூங்குழலி போன பிறகு. ஒரே பெண். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் இருந்தாள். காலையில் ஸ்கூட்டியைக் கடை வாசலில் நிறுத்தி, மாட்டி வைத்திருக்கும் கண்ணாடிகளில் ஒன்றைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டுதான் போவாள். புடைத்த கண்ணாடியில் முகம் சிறுத்து மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறது என்று என்னைத் திட்டுவாள், ஏதோ நான்தான் மூக்கை வைத்த மாதிரி. அவளை நினைக்காமல் நான் ஒரு வாய் சோறு தின்றதில்லை. நான் எழுதுவதில் மற்றதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, இதை நம்ப வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், டேனரிக்குத் திரும்புகிற முனையில், உப்புத்தோல் ஏற்றிய லாரி ஒன்று இடது பக்கம் ஒடித்தது. அவளுடைய ஸ்கூட்டி அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. லாரி ஷபீ அஹமது பாய் என்பவருடையது. ஓட்டியவன் பாண்டியன். அவன் ஓடிப்போகவில்லை. அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தான் என்று சொன்னார்கள். போலீஸ் கேட்டதற்கு, "கண்ணாடில தெரில சார்" என்று மட்டும் சொன்னான். கேஸ் இன்னும் நடக்கிறது. அவன் ஜாமீனில் வந்துவிட்டான்.

காரியம் முடிந்ததும் அந்த லாரியைப் பார்க்கப் போனேன். ஸ்டேஷன் பக்கத்துக் காலி மனையில் நிறுத்தியிருந்தார்கள். பெற்ற மனது, பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று எல்லோரும் விலகி வழி விட்டார்கள். இடது கதவுக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடி யாரோ எறிந்த கல்லில் உடைந்து, ஒரு துண்டு மட்டும் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கையில் கொஞ்சம் வெட்டியது. துண்டு தட்டையாக இருந்தது.

தட்டையாகத்தான் இருக்கும். மாட்டியவன் நான்தானே.

இதை நான் மறைக்கிற மாதிரி நீங்கள் நினைக்கக் கூடாது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். விபத்துக்கு முந்தின வாரம் பாண்டியன் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். புளியங்கிளை அடித்துச் சின்னக் கண்ணாடி போய்விட்டது. கடையில் அந்த அளவில் புடைத்தது தீர்ந்துபோயிருந்தது. லோடுக்கு நேரமாகிறது என்று அவன் பறந்தான். "இப்போதிக்கு இதைப் போட்டுக்கோ, வந்ததும் மாத்தித் தர்றேன்" என்று தட்டையை வெட்டி வைத்து மாட்டி அனுப்பினேன். ஊரில் எல்லாக் கடையிலும் செய்வதுதான். சரக்கு வந்தது. வந்து பிரிக்காமல் டப்பாவோடு மேஜை அடியில் இருந்தது. ஒரு மத்தியானம் பாண்டியன் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். நான் அப்போதுதான் கேரியரைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருந்தேன். எச்சில் கை. நாளைக்கு வா என்று இடது கையை ஆட்டினேன். அவனும் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலையில்தான் பூங்குழலி.

என் மனைவி சௌந்தரத்துக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பாண்டியன் சொன்ன ஒரு வாக்கியம்தான். அதை வைத்துக்கொண்டே அவள் இரண்டு வருஷமாக உயிரோடு இருக்கிறாள். படத்துக்கு விளக்கேற்றும்போது சொல்வாள், சோறு போடும்போது சொல்வாள். "ஓட்னவன் ஒரு பாவின்னா, அந்தக் கண்ணாடிய மாட்னவன் ஒரு பாவி. அவன் கை வெளங்குமா? அவன் தின்ற சோறு உடம்புல ஒட்டுமா?" என்பாள். சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவேன். சௌந்தரம் நன்றாகச் சமைப்பாள்.

அவள் என்னை அப்படி நினைத்துவிட்டால் அதற்கப்புறம் எனக்கு வீடு என்று ஒன்று இல்லை. பெண் போய்விட்டாள். மிச்சம் இருப்பது எனக்குச் சோறு போடுகிற இந்த ஒரு கைதான். இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

பாண்டியன் ஜாமீனில் வந்ததும் நேராக என் கடைக்குத்தான் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "நான் யாராண்டயும் சொல்லலணா. சொல்லவும் மாட்டேன். நீங்களே பொண்ணைப் பறிகுடுத்துட்டு நிக்கிறீங்க. அதுக்கு மேல உங்க தலைல இதையும் போட எனக்கு மனசு வர்ல" என்றான். சொல்லிவிட்டு, பெண்பிள்ளை மாதிரி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எதிர்ப்பக்கம் பஞ்சர் கடையில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பெண்ணைக் கொன்றவனுக்கே தண்ணீர் கொடுக்கிற மனுஷன் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் பேச்சானது. கோயில் கமிட்டியில்கூடச் சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்குப் பாண்டியன் மேல் கோபம் கிடையாது, மேடம். அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒருவன் நமக்காக வாயை மூடிக்கொண்டு, அதற்குக் கூலியாக எதுவும் கேட்காமல், பார்க்கும்போதெல்லாம் "அண்ணா" என்று எழுந்து நின்றால் அது ஒரு பேஜார். அவன் என்னை ஊர் நடுவில் நிறுத்தித் திட்டியிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அவனை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஜோதியின் அப்பா நிலத்தை விற்றுக் கொடுத்தார். பழைய பத்துச் சக்கர லாரி ஒன்றை வாங்கினான். தோல் லோடை இனிக் கையால் தொடமாட்டேன், குடியாத்தத்திலிருந்து லுங்கி பேல் கட்டுகளை ஏற்றி ஓட்டுகிறேன் என்றான். ஆயுத பூஜைக்கு வாசலில் பூஜை போட்டு, அன்றே முதல் ஓட்டம். கண்ணாடி மட்டும் என் கடையில்தான் மாட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான்.

அவன் வண்டியைக் கொண்டுவருவதற்கு முந்தின நாள் ஜோதி கடைக்கு வந்தாள். அதற்கு முன்னால் அவளோடு நான் நின்று பேசியதில்லை. மெலிந்த பெண், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தைல சௌந்தரம் அக்கா என்னைப் பாத்து மண்ணை வாரித் தூத்திட்டாங்கணா. நான் ஒண்ணும் பேசல, பெத்தவங்க அவங்க. நான் வேலைக்குப் போற கம்பெனிலயும் யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க. கொலகாரன் பொண்டாட்டின்னு சொல்றாங்க. வேலைய விட்டு நின்னுட்டேன்."

நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இவரு இன்னா ஆனாலும் சொல்ல மாட்டாரு. ஆனா எனக்குத் தெரியும்ணா. வந்து மாத்திக்கலாம்னு நின்னதும் தெரியும், நீங்க நாளைக்கி வான்னு சொன்னதும் தெரியும். போலீஸுக்கு வேணாம், கோர்ட்டுக்கு வேணாம். அக்கா ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். அவங்க வாயால இவரைச் சபிக்காம இருந்தாப் போதும். பூஜை முடியட்டும், நானே வூட்டுக்கு வந்து அக்கா கால்ல விழுந்து சொல்லிடறேன். நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா இன்னும் நல்லது."

கெட்ட எண்ணத்தோடு அவள் சொல்லவில்லை. குரலில் மரியாதை இருந்தது. "சரிம்மா. பூஜை முடியட்டும்" என்றேன். அவள் போன பிறகு வாழைப்பழத்தை எடுத்துப் பஞ்சர் கடைக்காரர்களுக்குக் கொடுத்தேன். நல்ல பழம் என்றார்கள்.

மறுநாள் பாண்டியன் வண்டியைக் கொண்டுவந்தான். கண்ணாடிகளைத் தேர்ந்தெடுக்க நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது வேறு எந்த வண்டிக்கும் இல்லை. பெரிய கண்ணாடிகள் இரண்டும் முதல் தரம். நீளக் கம்பி, கனமான கிளாம்பு, ஆடாமல் இருக்க நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர். யாரை வேண்டுமானாலும் கூட்டிவந்து காட்டுங்கள், அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. "சின்னக் கண்ணாடிய மொதல்ல போடுங்கணா, மத்ததெல்லாம் அப்பறம்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அதைக் கடைசியாகத்தான் போட்டேன். சட்டம் புதுசு. உள்ளே வைத்தது தட்டை.

வேலை செய்துகொண்டே பேசிக்கொண்டிருந்தோம். ஜோதி சாமி காரியத்தில் ரொம்பக் கறார் என்றான். "அந்த வாரம் ஷபீ பாய் வண்டிக்குக் கண்ணாடி மாத்திட்டு, அவசரத்துல சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்காம எடுத்துட்டேன்ல, அதான் அப்டி ஆச்சின்னு அவ நம்பறாணா. இந்த வாட்டி நாலு பழமும் நான்தான் வெப்பேன்றா. ஒண்ணுகூட நசுங்காமப் போவக் கூடாதாம்." நான் கேட்டுக்கொண்டேன். எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் நசுங்காமல் உருண்டு போய்விட்டால் அபசகுனம் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருமே நினைப்பார்கள். என் கடை வாசலே ரோட்டைப் பார்த்துச் சரிவானது. வைத்த பழம் எத்தனையோ முறை உருண்டு வந்திருக்கிறது. வண்டி உறுமிக்கொண்டிருந்தாலும் சரி, யாராவது ஒரு பெண் "இரு இரு" என்று ஓடிப்போய் மறுபடி வைத்துவிட்டு வருவாள். நான் கையைக் காட்டி வண்டியை நிறுத்திவைப்பேன். பாண்டியன் வீட்டு வாசலும் சரிவுதான். வேப்பங்கிளை கண்ணாடியில் இடிக்குமா என்று பார்க்க அந்த வாரம் ஒருமுறை போயிருந்தேன். இடிக்காது.

மாட்டி முடித்ததும் பாண்டியன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். எட்டிப் பார்த்து, "பக்கெட் வெக்கலியாணா?" என்றான்.

"உனக்கு எதுக்குடா பக்கெட். நானே நடக்கறேன், பாரு" என்றேன்.

இடது பக்கம் முழுக்க, பின்னாலிருந்து முன்சக்கரம் வரை நடந்தேன். நான் நல்ல உயரம். வண்டியிலிருந்து ஓரடி தள்ளி, நிமிர்ந்து நடந்தேன். தட்டைக் கண்ணாடியில்கூட என் தோளும் தலையும் தெரிந்திருக்கும். குனியவில்லை. "தெரியுதுணா, சூப்பரா தெரியுது" என்றான். இறங்கி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

இதைத் திட்டம் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பழம் உருளாமல் இருந்திருக்கலாம். அவள் குனியாமல் இருந்திருக்கலாம். பாண்டியனுக்குச் சந்தேகம் வந்து இறங்கிப் பார்த்திருக்கலாம். இத்தனை வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் நான் ஒதுங்கி நின்றேன். பெண்ணைப் பறிகொடுத்த ஒருவன், பாண்டியன் வீட்டிலும் ஒருத்தி போகட்டும் என்று தெய்வத்தின் கையில் விட்டுவிட்டான், அவ்வளவுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. தராசு சமமாக வேண்டும் என்று நினைப்பது தப்பா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். தப்பாகத் தெரியவில்லை.

பூஜைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். சௌந்தரம் வரவில்லை. அந்த வீட்டு வாசலை மிதிக்க எப்படி மனசு வருகிறது என்று என்னைக் கேட்டாள். போகாவிட்டால் நாலு பேர் தப்பாகப் பேசுவார்கள் என்றேன். வண்டியைக் கழுவி, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கண்ணாடிகளுக்கெல்லாம் ஜோதி தன் கையால் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள். சின்னக் கண்ணாடிக்குக் கை எட்டாது என்று ஸ்டூல் போட்டு ஏறி வைத்தாளாம். என்னைப் பார்த்ததும் சிரித்து, பொரியும் சுண்டலும் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்காகிட்ட பேசினீங்களாணா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "பரவால்லணா, வண்டி கெளம்பட்டும். சாயங்காலம் நானே வர்றேன்" என்றாள்.

பூசணிக்காய் வலது பக்கம் உடைத்தார்கள். ஜனமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. பாண்டியன் ஏறி உட்கார்ந்து இன்ஜினை உயிர்ப்பித்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணா, நீங்க முன்னால நின்னு சொல்லுங்கணா. உங்க கையால மாட்ன கண்ணாடி, உங்க வாயால ரைட்டுன்னு ஒரு வார்த்தை" என்றான். எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். நான் வண்டிக்கு முன்னால், கொஞ்சம் இடது பக்கமாகப் போய் நின்றேன்.

இடது முன்சக்கரத்துப் பழம் உருண்டது. உருண்டு, வாழைக்கன்றுக்குப் பின்னால் போய் நின்றது. ஜோதி பார்த்துவிட்டாள். புடவையைச் செருகிக்கொண்டு, கன்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் புகுந்து குனிந்தாள். வண்டி நகர்ந்தது.

அதற்கப்புறம் நடந்ததை உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள்.

நான் ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். மனசாட்சி என்று சொன்னால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். அது இல்லை. நேற்று உங்கள் ஸ்டேஷனில் வேலை செய்கிற ஒருவர் கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தார். பாண்டியன் என்ன சொன்னான் என்று கேட்டேன். சோறு தண்ணி இல்லாமல் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறான் என்றார். கண்ணாடியில் தெரியவில்லை சார், என் தப்புதான் சார். முன்னால் நின்றவர் என்ன சொன்னார் என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறானாம்.

அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், மேடம். இரண்டாவது தடவையும் அவன் என் பெயரைச் சொல்லவில்லை. அதைக் கேட்டுவிட்டு என்னால் கடையில் உட்கார முடியவில்லை. நான் எவ்வளவு தூரம் போனாலும் அவன் அங்கே எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அண்ணா என்று கை கட்டினால் நான் என்ன செய்வது. ஷட்டரை இழுத்துவிட்டு வந்தேன்.

அதனால் விட்டுப்போனதையும் எழுதிவிடுகிறேன். வண்டி தானாக நகரவில்லை. பாண்டியன் சின்னக் கண்ணாடியைப் பார்த்தான், அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எடுக்கவில்லை. ஒரு தடவை சுட்டுக்கொண்டவன். "ணா, ஜோதி எங்கணா? அந்தப் பக்கம் யாரும் இல்லியே?" என்று சத்தமாகக் கேட்டான். ஜோதி எனக்கு இரண்டு கை தூரத்தில் இருந்தாள். பழத்தின் மேல் குங்குமம் சரியாக இல்லை என்று கட்டை விரலால் மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, ஒரு நிமிஷம் என்பது போல இன்னொரு கையைக் காட்டினாள். நான் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். பிறகு பாண்டியனைப் பார்த்து, "ரைட், போலாம்" என்றேன்.

இவ்வளவுதான். இதற்கு என்ன சட்டமோ அதைப் போடுங்கள். நான் வக்கீல் கேட்கப் போவதில்லை.

ஒரே ஒரு உதவி. சௌந்தரம் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கான்ஸ்டபிள் தம்பி சொன்னார். எனக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறாளாம். ஜோதியைக் கொன்றது நான்தான் என்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பூங்குழலிக்காகத்தான் செய்தேன் என்று சொல்லுங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டால் தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். அந்த முதல் கண்ணாடியைப் பற்றி எழுதிய பக்கத்தை மட்டும் தயவுசெய்து எடுத்து வைத்துவிட்டுப் படியுங்கள்.